வருவாயைப் பறித்துவிட்டுப் பொறுப்பை மட்டும் சுமத்துவதா?

(உள்ளாட்சி ஊழியர் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



ஓய்வூதியம் கருணைத் தொகையன்று; உழைத்த காலத்தில் ஈட்டி, பிற்காலத்தில் பெறும் ஊதியம். அது அரசு மனமிரங்கி அளிக்கும் கொடையல்ல, ஊழியரின் உரிமை என்பதை நகரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. ஆனால், அந்த உரிமைக்கான பணம் யாருடைய கஜானாவிலிருந்து வருகிறது என்பதே, அது உரிய நாளில் கைக்கு வந்து சேருமா என்பதைத் தீர்மானிக்கிறது.

மாநில அரசு ஊழியரின் ஓய்வூதியத்துக்கு மாநிலக் கருவூலம் பொறுப்பு. மாநகராட்சி ஊழியரின் நிலை பல இடங்களில் வேறானது. மாநகராட்சி தனது சொந்த வருவாயிலிருந்தோ, அதற்கென ஒதுக்கிய நிதியிலிருந்தோ ஓய்வூதியம் வழங்க வேண்டும். வரி வசூல் குறைந்தாலும், மானியம் தாமதமானாலும் முதியோரின் அடுப்பு அணைகிறது.

தலைநகர் தில்லியே இதற்குச் சான்று. 2012இல் மாநகராட்சி மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வடக்கு, கிழக்கு மாநகராட்சிகள் கடும் நிதி நெருக்கடியில் வீழ்ந்தன. துப்புரவுத் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் செவிலியர்களும் ஊதியத்துக்காகவும், ஓய்வு பெற்றோர் ஓய்வூதியத்துக்காகவும் நீதிமன்றப் படியேறினர். நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி இவற்றை மறுக்க முடியாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2021இல் கண்டித்தது. 2022 மே மாதத்தில் மூன்றும் மீண்டும் ஒன்றாக்கப்பட்டன. நிர்வாகம் இணைந்ததேயன்றி, நிதிக் கேள்வி தீரவில்லை.

இந்த நெருக்கடியின் வேர் எங்கே? 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சாசனத் திருத்தம், நகராட்சிகளுக்கான 18 பணிகளைப் பட்டியலிட்டது; எந்த வரியை வசூலிக்கலாம் என்பதை மட்டும் மாநிலச் சட்டமன்றத்தின் முடிவுக்கு விட்டது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும், மும்பை மாநகராட்சியின் முதன்மை வருவாயாக இருந்த ஆக்ட்ராய் வரி மறைந்தது. தானே வசூலித்த வரிக்குப் பதில் மாநில அரசின் இழப்பீட்டை எதிர்பார்க்கும் நிலைக்கு நாட்டின் செல்வ வளம் மிக்க மாநகராட்சியே வந்து சேர்ந்தது.

நவீன தாராளமயவாதிகள் கண்ட தீர்வோ, பொறுப்பையே கைகழுவுவதுதான். 2004 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசு தனது புதிய ஊழியர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத்தைத் திணித்தது. பெரும்பாலான மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மேற்கு வங்க இடது முன்னணி அரசு மறுத்து நின்றது. ஊழியரின் ஊதியத்தில் 10 சதவீதம் பிடிக்கப்பட்டுச் சந்தைக்குச் செல்கிறது. திரும்பி வரும் தொகைக்கு உத்தரவாதமில்லை. எதிர்ப்பு வலுத்த பின்னரே 2025 ஏப்ரல் 1 முதல் ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு ‘ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்’ வந்தது. அதிலும் 10 சதவீதப் பிடித்தம் தொடர்கிறது. இவை எதிலும் இடம்பெறாமல் நகரைத் தூய்மை செய்கிறார் ஒப்பந்தத் தொழிலாளி.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. உள்ளாட்சி ஓய்வூதியத்துக்கு மாநிலக் கருவூலம் பொறுப்பேற்க வேண்டும். அதற்கேற்ப ஒன்றிய வரி வருவாயில் மாநிலங்களின் பங்கு உயர வேண்டும். பழைய ஓய்வூதியத் திட்டம் திரும்ப வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும்.

நகரைக் காத்த கைகள் முதுமையில் கையேந்தக் கூடாது. அதற்கான போராட்டத்தில் பணியிலிருப்போரும் ஓய்வு பெற்றோரும் ஒன்றுபட்டு நிற்கட்டும்!