குளிர்சாதனப் பெட்டியின் சிறு உறுப்பு

இரணைமடுக் குளத்து நீர் பாய்ந்து நெல் விளையும் உருத்திரபுரத்தில், குளிர்சாதனப் பெட்டி நெடுநாட் பழக்கமுடைய பொருளன்று. 1990 ஆம் ஆண்டின் பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வன்னிப் பெருநிலம் மின்சாரமின்றி இருந்தது. குப்பி விளக்கின் ஒளியிலும் மண்பானைத் தண்ணீரிலும் அக்காலம் கழிந்தது. 2009 இல் போர் முடிந்து, மக்கள் மீளக் குடியேறி, மின்கம்பிகள் வந்து சேர்ந்த பின்னரே பல வீடுகளில் இப்பெட்டி இடம்பெற்றது. தவணைக் கடன் தீருமுன் அது குளிராது நின்றுவிட்டால் இல்லத்தார் கவலை சிறிதன்று. நீரிழிவு நோயாளி உள்ள வீடாயின், 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்துப் பேணவேண்டிய இன்சுலின் மருந்தும் அதனுள்ளேதான் இருக்கும்.

பெட்டியின் உள்விளக்கு எரிகிறது. குளிர் மட்டும் இல்லை. பின்புறம் செவிகொடுத்தால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்றோர் ஒலி கேட்கிறது; சிறிது முனகல்; மீண்டும் 'டிக்'; பின் அமைதி. இதனைக் கேட்டவுடன், "கொம்பிரசர் போய்விட்டது, புதிய பெட்டி வாங்குங்கள்" என்று சொல்லிவிடுவோர் உளர். அத்தீர்ப்பு பல வேளைகளில் அவசரத் தீர்ப்பே.

கொம்பிரசரின் மோட்டாரில் இரண்டு கம்பிச் சுற்றுகள் உள. ஒன்று ஓடுவதற்கு, மற்றது புறப்படுவதற்கு. புறப்படும் சுற்றுக்குக் கணப்பொழுது மட்டும் மின்சாரம் விடுவது, பக்கத்தில் செருகப்பட்டிருக்கும் றிலே என்னும் சிற்றுறுப்பு. அதனுள்ளே பீங்கான் போன்றதொரு வில்லை இருக்கிறது. குளிர்ந்த நிலையில் அது மின்சாரத்திற்கு வழிவிடும். சூடேறியதும் வழியை அடைத்துவிடும். வில்லை வெடித்து நொறுங்கினால் மோட்டார் புறப்பட மாட்டாது. புறப்படாத மோட்டார் மிகையான மின்சாரத்தை இழுக்கும். அருகிலுள்ள காப்பு உறுப்பு சூடாகி இணைப்பைத் துண்டிக்கும். கேட்ட 'டிக்' ஒலி அதுவே.

ஆதலின் முதலிற் பார்க்கவேண்டியது வீட்டிற்கு வரும் மின்னழுத்தம். 230 வோல்ற்று வரவேண்டிய இடத்தில் அது பெரிதும் தாழ்ந்திருந்தாலும் இதே குறி தோன்றும். அழுத்தம் சரியாயின், செருகியைச் சுவரிலிருந்து கழற்றிய பின்னரே பின்மூடியைத் திறத்தல் வேண்டும். கழற்றிய றிலேயைக் காதருகே குலுக்கினால் உடைந்த துண்டுகள் கலகலக்கும். கொம்பிரசரின் மூன்று முனைகளையும் மானியால் அளந்தால், இரு சுற்றுகளின் தடைகளைக் கூட்டிய தொகை மூன்றாவது அளவுக்கு ஒத்திருக்கும். அவ்வாறிருந்து, எந்த முனைக்கும் இரும்பு உடலுக்கும் தொடர்பில்லையெனில், மோட்டாரின் சுற்றுகள் பெரும்பாலும் நலமே. கொம்பிரசரின் இலக்கத்திற்குப் பொருத்தமான புதிய றிலேயையே இடவேண்டும். வாயுக் குழாய்களிற் கைவைத்தல் ஆகாது. இந்நாளைய பெட்டிகள் பலவற்றில் உள்ள வாயு தீப்பற்றும் இயல்பினது. இன்வேட்டர் வகைப் பெட்டிகளில் இந்த றிலே இல்லை. அவற்றின் மின்னணுப் பலகையைத் தேர்ந்தவரே ஆராயவேண்டும்.

பழுதைத் திருத்துவதினும் வாராது காத்தல் நன்று. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. நின்று நின்று வரும் மின்சாரமே இவ்வுறுப்புக்குப் பகை. மின்சாரம் மீண்ட உடனே பெட்டியை இயக்காது ஐந்து நிமிடம் பொறுத்தால், வில்லை ஆறும். குழாயினுள் வாயுவின் அழுத்தமும் சமப்படும். அந்த ஐந்து நிமிடப் பொறுமைக்குச் செலவில்லை. பழுது வந்தபின்னும், பெட்டியைக் கைவிடுமுன் அச்சிறு உறுப்பைச் சோதித்துப் பார்க்கும் நிதானம் ஒரு குடும்பத்தை இன்னொரு கடனிலிருந்து காக்கக்கூடும்.