பச்சை என்றால் எந்தக் கட்சி?



வெள்ளவத்தையில் யாரிடமாவது "பச்சைக் கட்சி" என்று சொல்லிப் பாருங்கள். உடனே யானையைத்தான் நினைப்பார்கள். யானைச் சின்னம் கொண்ட ஐக்கிய தேசியக் கட்சியின் நிறம் அது. ஜெர்மனியில் 1983இலேயே பசுமைக் கட்சி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்துவிட்டது. இங்கே சூழலுக்காக வரும் கட்சிக்கு நிறம்கூட மிச்சமில்லை.

தேவை இல்லாமலா? கொட்டாஞ்சேனைக்காரரைக் கேளுங்கள். புளூமெண்டல் குப்பைமேட்டின் நாற்றத்தோடு ஆண்டுக்கணக்கில் சோறு தின்றவர்கள் அவர்கள். 2009இல் அந்த மேட்டை மூடியதும் குப்பை மீதொட்டமுல்லவுக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். அயல் வீடுகளுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பும் அந்தப் பிற்பகலில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் மாண்டார்கள். பிறகு கொழும்புக் குப்பையைப் புத்தளத்து அருவக்காட்டுக்கு அனுப்பத் திட்டமிட்டார்கள். புத்தளத்து மக்கள் வீதிக்கு இறங்கிப் போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தானே?

2019 ஜனாதிபதித் தேர்தலில் 35 வேட்பாளர்கள். அவர்களில் ஒரே பெண், குப்பைப் பிரச்சினைக்காகப் பல்லாண்டு உழைத்த சூழலியல் அறிஞர் கலாநிதி அஜந்தா பெரேரா. சிறிய சோசலிசக் கட்சியொன்றின் சார்பில் நின்றார். கிடைத்தவை ஏறத்தாழ 27,500 வாக்குகள். வென்றவருக்கு 69 இலட்சம்.

"அவருக்குப் போட்டால் வாக்கு வீண்" என்றுதான் அன்று பலரும் சொன்னார்கள். அது தவறு என்பதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். நம் ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேரைக் குறிக்கலாம். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதலிரு இடத்தவரைத் தவிர ஏனையோர் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளை மறுபடி எடுத்து, அடுத்த விருப்பு அந்த இருவரில் எவருக்கு என்று பார்ப்பார்கள். ஆகவே சூழலுக்காக நிற்பவருக்கு 1 போட்டு, வெல்லக்கூடியவருக்கு 2 போடலாம். இரண்டு மனமும் ஒரே சீட்டில் பதிவாகும்.

இந்த ஏற்பாடு முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்த 1982 முதலே இருக்கிறது. ஆனால் இரண்டாவது விருப்பை எண்ண வேண்டிய நிலை 2024 செப்டெம்பரில்தான் முதன்முறை வந்தது. அதுவரை எங்கள் வீட்டிலும் எல்லோரும் ஒரு புள்ளடியோடு சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வந்தோம்.