நம்ம வாசலிலேயே விற்பனை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்கா மாதிரி நாடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. வீட்டில் வேண்டாத சாமான்களை, பழைய நாற்காலி, சின்னதாகிப் போன பிள்ளைகள் துணி, பாத்திரம் எல்லாவற்றையும் வார இறுதியில் வாசலில் பரப்பி விலைச்சீட்டு ஒட்டி விற்பார்கள். தெருவில் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். இதை நாங்கள் ஒரு குழுவில் சொன்னபோது ஒரு அக்கா கேட்டாங்க: "நம்ம வீட்ல வேண்டாத சாமான் எதும்மா இருக்கு? இருக்கிறது அடகுக்குப் போகாம இருந்தா போதாதா?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த அக்கா சொன்னது சரிதான்.

நம்மிடம் இருப்பது பழைய சாமான் இல்லை. சாமை இருக்கிறது, புளி இருக்கிறது, கோடையில் பலாவும் தேனும், மழைக்குப் பிறகு சீத்தாப்பழம், பனியில் நெல்லிக்காய். வாங்க ஆளும் வருகிறது. போளூர் பக்கமிருந்து, ஆலங்காயம் பக்கமிருந்து, அமிர்தி வழியாக என்று விடுமுறை நாளில் காரும் பைக்குமாக ஜமுனாமரத்தூருக்கு ஏறி வருகிறார்கள். பீமன் அருவிக்கும், படகுத் துறைக்கும், காவலூரில் தொலைநோக்கி பார்க்கவும் போகிறார்கள். கோடை விழா நடக்கும் நாட்களில் கேட்கவே வேண்டாம். இவர்கள் நம் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். ஆனால் நம் சாமையை அறுவடை முடிந்ததும் வியாபாரியிடம் மூட்டையாகப் போட்டுவிட்டு, அவர் முன்பே கொடுத்த கைப்பணத்தைக் கழித்துக்கொண்டு, மீதியை வாங்கி வருகிறோம். பிறகு டவுனில் அதே சாமை அரிசி பாக்கெட்டில் என்ன விலை விற்கிறது என்று பார்த்து ஆச்சரியப்படுகிறோம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. சாமைக்குப் பேர் வந்தது, விளைவித்த நம் கைக்கு வந்தது கொஞ்சம்தான்.

இதனால் ஒரு கோடையில், சாலையோரமாக உள்ள ஒரு ஊர்க் குழுவிடம் "வாசல்ல போடுங்க, தானா விக்கும்" என்று சொல்லிவிட்டு நாங்கள் வேறு ஊர் போய்விட்டோம். அது எங்கள் தப்பு. முதலில் அதை ஒத்துக்கொள்கிறோம்.

அன்றைக்கு என்ன ஆச்சு தெரியுமா? ஆறு வீட்டு வாசலிலும் ஆறு கடை. முதல் வீட்டில் சாமை அரிசி கிலோ 90 ரூபாய் என்றார்கள். கார்க்காரர் பேசிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். இரண்டாவது வீட்டில் 80. நான்காவது வீட்டில் 65-க்கு முடிந்தது. யாரிடமும் சில்லறை இல்லை. ஒருத்தர் வாங்கின சாமையில் கல் இருந்ததால் திரும்பி வந்து எல்லோர் முன்னும் கொட்டிக் காட்டினார். சாயங்காலம் சண்டை. அடுத்த வாரக் கூட்டத்தில் இரண்டு பேர் வந்து உட்காரவே இல்லை. பல வருஷமாகச் சேமிப்புப் போட்ட குழு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உடையப் பார்த்தது.

பிறகு நாங்கள் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எல்லோருக்கும் புரியும்படி இங்கேயும் சொல்கிறோம். குத்தாத சாமை 10 கிலோ எடுத்துக்கொள்வோம். வியாபாரிக்குப் போட்டால் கிலோ 30 என்றால் 300 ரூபாய். அதையே மில்லில் கொடுத்து உமி நீக்கினால் 6 கிலோ அரிசி நிற்கிறது என்று வையுங்கள். மில் கூலி 50, பை 20. ஆக முதல் 370. கிலோ 65-க்கு 6 கிலோ விற்றால் வருவது 390. இருபது ரூபாய்க்காகப் புடைத்து, கல் பொறுக்கி, வெயிலில் உட்கார்ந்தோமா? 90-க்கு விற்றால் 540. மிச்சம் 170. இதிலும் நம் கூலி சேரவில்லை. நம் கூலியை நாமே கணக்கில் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

அடுத்த முறை ஒரே வாசல்தான். வளைவில் இல்லாமல், வண்டி ஓரங்கட்ட இடம் உள்ள வீடாகப் பார்த்தார்கள். சிலேட்டில் விலை எழுதி மாட்டினார்கள். ஒவ்வொருத்தர் சரக்கும் எடை போட்டுப் பேர் எழுதி உள்ளே வந்தது. கல் பார்த்த பிறகுதான் பைக்குள் போகும். இதில் கறாராக இருந்த பாட்டிக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும், சொந்த மருமகள் சரக்கையே திருப்பி அனுப்பினாங்க! சில்லறை 500 ரூபாய்க்குக் குழுப் பணத்திலிருந்து எடுத்து, சாயங்காலம் திரும்பக் கட்டினார்கள். போனில் பணம் வாங்க குழுக் கணக்கின் கியூஆர் அட்டை. பலாச்சுளையை இலையில் வைத்து இரண்டு ருசிக்கக் கொடுத்தார்கள், கூடவே சாமைக் கஞ்சி ஒரு குவளை. கஞ்சி குடித்தவர்கள் "எப்படி வைக்கணும்" என்று கேட்டுக்கொண்டே வாங்கினார்கள்.

வாசல் கொடுத்த வீட்டுக்கு என்ன என்பதில் பெரிய வாக்குவாதம். கடைசியில் நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். உங்கள் ஊரில் வேறு மாதிரி முடிவு செய்யலாம். ஆனால் விற்பனைக்கு முன்னாடியே எழுதுங்கள்.

சில விஷயம் மறக்காமல் இருக்க வேண்டும். நாம் விளைத்த பழம், தானியத்தை அப்படியே விற்பது வேறு. முறுக்கு, ஊறுகாய், சாமை மாவு என்று செய்து விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். தேன், நெல்லி போன்ற சிறு வனப்பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் 2006 வன உரிமைச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. உங்கள் ஊர் வன உரிமைக் குழுவில் பேசி, மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். தேனில் வெல்லப்பாகு கலந்தால் ஒருத்தர் செய்தாலும் மலைத்தேனுக்கே பேர் கெடும். பிளாஸ்டிக் பை 2019 ஜனவரி முதல் தடை. காகிதப் பை, துணிப்பை போதும்.

இன்னொன்று, இதுதான் எங்களுக்கு மனசில் உறுத்துவது. நல்ல விலை வருகிறது என்று வீட்டுக்கு வைத்த சாமையையும் எடுத்து விற்றுவிட்டு, பிள்ளைகளுக்கு ரேஷன் அரிசி மட்டும் வடிக்கிற வீடுகளைப் பார்க்கிறோம். ஒரு வீட்டில் விதைச் சாமையே போய்விட்டது. ஆடியில் விதைக்கு வியாபாரியிடமே கை நீட்டினார்கள். வீட்டுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு என்று முதலில் குதிரில் ஒதுக்குங்கள். மிச்சம்தான் வாசலுக்கு. அன்றைக்கு வந்த பணத்தையும் கடன் தவணைக்கு என்று குழு உடனே பிடிக்க வேண்டாம். அந்த அக்கா கையில் ஒரு நாளாவது அது இருக்கட்டும்.

கூட்டத்துக்கு வராமல் நின்ற இரண்டு பேரில் ஒருத்தர் திரும்பி வந்துவிட்டார். இன்னொருத்தர் இன்னும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சாலையோர ஊர்க் குழுக்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எந்த வாசல், என்ன சரக்கு, யார் எடை பார்ப்பது என்று தீர்மான நோட்டில் எழுதி எடுத்து வாருங்கள். உள்ளூர்க் குழுக்கள் சரக்கு எப்படிச் சேர்ப்பது என்பதையும் அன்றைக்கே பேசுவோம்.