கோடை விடைபெறும் குறிகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில், மே மாதம் வந்து தேவாலயக் கூரையிடுக்குகளில் கூடமைக்கும் உழவாரன் குருவிகள், வெயில் தணியாத ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆப்பிரிக்கா நோக்கிப் புறப்பட்டுவிடுவதால், கோடை முடியப்போவதை முதலில் உணர்த்துபவை அவையே எனலாம். வயல்களைப் பிரிக்கும் உயிர்வேலிகளில் பிளாக்பெர்ரிப் பழங்கள் கறுக்கின்றன. ஒரே கொத்தில் பச்சை, சிவப்பு, கறுப்பு ஆகிய மூன்று நிறங்களும் சேர்ந்திருப்பதும், முனையிலுள்ள பழம் முதலில் கனிவதும் காணத்தக்கவை.

செப்டம்பரில் இரவு நீள, தரை வெப்பத்தை இழந்து பனித்துளி மிகுவதால், அதுவரை கண்ணில் படாத சிலந்தி வலைகள் வேலியெங்கும் புலனாகின்றன. பிற செடிகள் பூத்தோய்ந்த பின் மலரும் ஐவிக் கொடியின் மஞ்சட்பச்சைப் பூக்களை, குளிருக்கு முன் கிடைக்கும் கடைசித் தேனுக்காகத் தேனீக்களும் குளவிகளும் மொய்க்கின்றன.

இலைநிற மாற்றமே பெரிதும் பேசப்பட்டாலும் அது பிந்திய குறிதான். ஒளியால் உணவு ஆக்கும் பசுமை நிறமியான பச்சையம் சிதையும்போது, இலையில் முன்பே மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன.

இதற்குள் மின்கம்பிகளில் திரளும் தகைவிலான்கள் சகாரா பாலையைக் கடந்து தென்னாப்பிரிக்கா வரை செல்கின்றன. தமிழ்நாட்டு வயல்களில் குளிர்காலத்தில் தென்படுபவை இதே இனத்தைச் சேர்ந்தவையாயினும், ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து வருபவை.