ஈரக்கையும் சுவிட்சும்

சாரல் பிடித்துவிட்டால் தென்காசிப் பக்கம் கொடியில் போட்ட துணி காயாது. குற்றாலத்தில் குளித்துவிட்டு, தலைகூடத் துவட்டாமல் அறைக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது செல்போன் சார்ஜரைத்தான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். அழுத்தம் இருப்பதாலேயே மின்சாரம் பாய்ந்துவிடாது. குற்றாலத்துப் பேரருவிப் பாறை சித்திரையிலும் அதே உயரம்தான், தண்ணீர்தான் இருக்காது. மின்னழுத்தத்தை அந்த உயரமாகவும், மின்னோட்டத்தை விழுகிற தண்ணீராகவும் வைத்துக்கொள்ளலாம். உவமை அதற்கு மேல் வராது. அருவியில் தண்ணீரைக் கூட்டுவதும் குறைப்பதும் மழை. மின்சாரத்தில் அந்த வேலையைச் செய்வது மின்தடை.

ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் இதை விதியாக வெளியிட்டார். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். பள்ளிப் பிள்ளை போடுகிற வகுத்தல்தான்! ஆனாலும் அவருடைய நாட்டு அறிஞர்கள் பலர் அதை மதிக்கவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் கொடுத்தது.

அதே வகுத்தலை நம் உடம்புக்குப் போட்டுப் பார்ப்போம். நன்றாகக் காய்ந்த தோலின் தடை ஒரு லட்சம் ஓம் வரைகூட இருக்கும். 230ஐ அதனால் வகுத்தால் 2.3 மில்லி ஆம்பியர். சுருக்கென்று இருக்கும், கையை உதறிக்கொள்வோம். நனைந்த உடம்பிலோ தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது பாய்வது 230 மில்லி ஆம்பியர். பதினைந்து மில்லி ஆம்பியர் அளவிலேயே தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். ஐம்பதைத் தாண்டினால் இதயத்துடிப்பே குலையக்கூடும். காய்ந்த கைதானே என்றும் இருந்துவிடாதீர்கள். 230 வோல்டில் தோலின் தடை சட்டென்று சரிந்துவிடலாம்.

ஃபியூஸ் காப்பாற்றுமே என்பவர்கள் உண்டு. காப்பாற்றாது. 5 ஆம்பியர் ஃபியூஸ், 5 ஆம்பியரைத் தாண்டினால்தான் உருகும். ஆளைக் கொல்ல அதில் இருபதில் ஒரு பங்குகூட வேண்டாம். அது வயரிங்கைக் காப்பதற்கு வைத்தது, நமக்காக அல்ல.

நமக்காக இருப்பது ஆர்.சி.சி.பி. என்கிற சாதனம். போகிற மின்னோட்டமும் திரும்பி வருகிற மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். யார் உடம்பு வழியாகவோ தரைக்குக் கசிந்து, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டே வாங்குங்கள். அதில் 'டெஸ்ட்' என்றொரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அதன் சுவிட்ச் பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.