மரத்தில் வாழும் மலர்ச்செடி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியமும் இசையும் பேச வல்லார் பலர் அமர்ந்திருக்கும் இவ்வவையில், ரெயில்வே அலுவலகத்தில் கணக்கேடு எழுதும் எனக்குச் செடி வளர்ப்பைப் பற்றிப் பேசுமாறு கட்டளை பிறந்தது. நான் தாவர நூல் கற்றவன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து வேலைக்கு வந்தவன். ஆயினும், குடியிருப்பின் பின்கட்டில் பல ஆண்டுகளாக ஆர்க்கிட் வளர்த்து வருகிறேன். கண்டதையும் நூல்களில் கற்றதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஆர்க்கிட் என்றவுடன் செல்வர் மாளிகையும் கண்ணாடி வீடும் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மை அதுவன்று. உலகில் 25,000-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. நம் பாரத நாட்டில் மட்டும் 1,250-க்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றுள் சில மண்ணில் முளைப்பன. சில மரக்கிளையில் வாழ்வன.

மண்ணில் முளைப்பனவற்றுள் புகழ் பெற்றவை மத்தியதரைக் கடல் நாடுகளின் காட்டு ஆர்க்கிடுகள். அவற்றுள் ஒருவகை மலர், பெண் தேனீயின் வடிவையும் மணத்தையும் தாங்கி நிற்கும். ஆண் தேனீ ஏமாந்து வந்தமர, மகரந்தச் சேர்க்கை நிகழ்ந்துவிடும். அச்செடிகள் இலையுதிர்கால மழையில் துளிர்த்து, குளிர்காலம் முழுதும் இலை விரித்து, இளவேனிலில் பூத்து, கோடையில் கிழங்களவில் ஒடுங்கி உறங்கும். அவற்றைத் தொட்டியில் வளர்ப்போர், நீர் எளிதில் வடியும் மணற்பாங்கான மண்ணில் நட்டு, கோடையில் நீர் வார்க்காது விட்டுவிடுவர். உறங்கும் கிழங்குக்கு நீர் வார்ப்பது அதனை அழுகச் செய்வதாகும்.

இக்கிழங்கு நமக்கும் புதியதன்று. நாட்டு மருந்துக் கடையில் சாலாமிசிரி என்று கேட்டு வாங்குகிறோமே, அஃது ஆர்க்கிட் கிழங்கே ஆகும். துருக்கி நாட்டில் இதனைப் பொடித்துப் பாலில் கலந்து பருகுவர், பனிக்கூழிலும் சேர்ப்பர். ஒரு கிலோ பொடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கிழங்குகள் வேண்டும். தோண்டத் தோண்ட அச்செடிகள் அருகி வருவதில் வியப்பென்ன?

குளிர் நாடிய அச்செடிகள் 40 டிகிரிக்கு மேல் காயும் சித்தூர், திருப்பதி வெயிலைத் தாங்கமாட்டா. அதனால் நாம் வருந்த வேண்டுவதில்லை. நமக்கென்று ஓர் ஆர்க்கிட், நம் தலைக்கு மேலேயே, மாமரத்திலும் புளியமரத்திலும் பற்றி வாழ்கின்றது. அறிவியலார் அதனை வாண்டா டெசலேட்டா என்பர். சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க் என்னும் அறிஞர் 1795-இல் இதனை விளக்கி எழுதினார். வாண்டா என்னும் பெயரோ வந்தா என்னும் வடமொழிச் சொல்லினின்று பிறந்தது. அச்சொல் பிற மரத்தை உறிஞ்சி வாழும் புல்லுருவியையும் குறிக்கும். இச்செடியின் மீதுள்ள பழி அதன் பெயரிலேயே ஏறியிருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

அப்பழி பொய்ப்பழி என்பதை எடுத்துரைப்பதே என் பேச்சின் முதன்மையான நோக்கம். நம் குடியிருப்பில் மரங்களைக் கழிக்கும்போதெல்லாம், புல்லுருவியோடு இச்செடியையும் பிய்த்தெறியக் காண்கிறோம். வெட்டுவோர் மீது குற்றமில்லை. அவர்க்கு வேறுபாடு சொன்னவர் எவரும் இலர். வேறுபாடு யாது? புல்லுருவியின் வேர் கிளையைத் துளைத்து உள்ளே செல்லும். சேருமிடம் கட்டியாய்ப் புடைத்திருக்கும். அதற்கப்பாலுள்ள கிளை நாளடைவில் காயும். ஆர்க்கிடின் வேரோ பட்டையின் மேலே மட்டும் படரும். எடுத்துப் பார்த்தால் கிளையில் காயம் இராது. அது மரத்தின் சாற்றில் ஒரு துளியும் உண்பதில்லை. மழை நீரையும், காற்றின் ஈரத்தையும், பட்டையில் தங்கும் தூசியையும் மட்கையும் கொண்டே வாழ்கிறது. இடம் மட்டுமே மரத்தினுடையது. உணவு அதன் சொந்த உழைப்பு.

பிழைப்பின் பொருட்டு ஆந்திர நாட்டில் வந்து தங்கியுள்ள நமக்கு இச்செடியின் நிலை நன்கு புரியும் என்று நம்புகிறேன்.

இனி வளர்க்கும் முறையைக் கூறுகிறேன். தாய்மார்கள் கேட்டருள்க.

முதலாவது, மண் கூடாது. காற்றில் நீட்டிய வேரை மண்ணில் புதைத்தால் செடி மூச்சடைத்து அழுகும். தேங்காய் மட்டைத் துண்டிலோ, கெட்டியான மரத்துண்டிலோ செடியை வைத்து, பழைய வேட்டியின் கிழிசலால் மெல்லக் கட்டுக. செம்புக் கம்பி வேண்டா. அதன் களிம்பு வேரைக் கெடுக்கும். தொட்டியில் வைப்பதாயின், பக்கங்களில் துளையிட்ட மண்தொட்டியில் அடுப்புக்கரியும் செங்கல் துண்டும் இட்டு வைக்கலாம். கொல்லையில் மாமரம் இருப்பின் அதன் கிளையே மிகச் சிறந்த இடம். மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற சித்தூரில் அதற்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது, ஒளி. காலை வெயில் படவேண்டும். உச்சி வெயில் இலைநிழலின் ஊடே வடிகட்டி விழவேண்டும். இலை கரும்பச்சையாகித் தொய்ந்தால் ஒளி போதவில்லை; மஞ்சளித்து வெந்த புள்ளிகள் தோன்றினால் வெயில் மிகுதி. கிழக்குப் பார்த்த தாழ்வாரம் ஏற்றது.

மூன்றாவது, நீர். எப்போது ஊற்ற வேண்டும் என்பதை வேரே சொல்லிவிடும். வேரின்மேல் வெலமன் என்னும் பஞ்சு போன்ற உறை ஒன்றுண்டு. உலர்ந்தபோது அது வெள்ளி போல் வெளுத்திருக்கும். நீர் பட்டவுடன் பச்சையாகும். வெளுத்தால் நீர் தருக, பச்சையாயின் பொறுத்திருக்க. காலையில் வாளி நீரில் வேரைப் பத்து நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் போதும். கடுங்கோடையில் மாலைக்கு முன் மீண்டும் ஒருமுறை தெளிக்கலாம். இரவுக்குள் ஈரம் உலர்ந்துவிட வேண்டும். உச்சிக் குருத்தில் நீர் தங்கினால் குருத்தழுகல் நோய் வரும். நம் குழாய்க்கிணற்று நீரில் உப்பு மிகுதி. வேரில் வெண்பொருக்குப் படியும். ஆதலால், ஐப்பசி கார்த்திகை மழையைப் பாத்திரங்களில் பிடித்துச் சேமித்து வைப்பது நல்லது.

நான்காவது, உணவு. கடையில் விற்கும் கலப்பு உரத்தில் அரை கிராம் எடுத்து ஒரு லிட்டர் நீரில் கரைத்து, வளரும் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளித்தால் போதும். மிகுதியாக ஊட்டுவது கேடு. மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் கண்டால், மெல்லிய துணியைச் சோப்பு நீரில் நனைத்துத் துடைத்தெடுக்கலாம்.

இவ்வளவும் செய்தபின் வேண்டுவது பொறுமை. சாலையோரத்தில் வீழ்த்தப்பட்ட புளியமரம் ஒன்றின் கிளையில் வாடிக் கிடந்த மூன்று செடிகளை, வெட்டியவரின் இசைவோடு நான் எடுத்து வந்தேன். ஒன்று முதற் கோடையிலேயே மாண்டது. மற்ற இரண்டும் ஓராண்டு வரை இலை ஒன்றும் விடாது, வேரை மட்டுமே நீட்டிக்கொண்டிருந்தன. ‘காய்ந்த குச்சிக்கு நீர் ஊற்றுகிறீர்களே!’ என்று அண்டை வீட்டார் நகைத்தனர். மூன்றாம் ஆண்டில் ஒரு தண்டில் ஏழு மலர்கள் அவிழ்ந்தன. மஞ்சளும் பழுப்பும் கட்டம் கட்டமாய் இழைந்த இதழ்கள்; நடுவே நீலம் கலந்த ஊதா நிற உதடு. நகைத்தவரே முதலில் மணம் அறிந்து, ‘என்ன பூ அது?’ என்று கேட்டு வந்தார். இன்று அவர் வீட்டிலும் அதன் பக்கக்கன்று ஒன்று வளர்கிறது. தனக்கென இரண்டு மூன்று வேர் விட்ட பின்னரே கன்றைப் பிரிக்க வேண்டும் என்பதை நினைவிற் கொள்க.

‘விதை போட்டு வளர்க்கலாகாதா?’ என்று இளைஞர்கள் கேட்கலாம். ஒரு காயில் துகள் போன்ற விதைகள் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். ஆயின் அவற்றுள் கருவுக்கு வேண்டிய உணவுச் சேமிப்பு இல்லை. குறித்த ஒரு பூஞ்சை வந்து ஊட்டினாலன்றி அவை முளைக்கமாட்டா. இதனைப் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார்டு 1899-இல் கண்டறிந்தார். சர்க்கரை கலந்த கூழில் பூஞ்சையின்றியே முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். அது ஆய்வுக்கூடத்தில் நடைபெறுவது, அடுக்களையில் நடைபெறுவதன்று. ஆகவே, காட்டில் ஒரு செடி போனால் அதன் இடத்தில் மற்றொன்று எழுவது அரிது.

இங்கே ஒரு வேண்டுகோள். சேஷாசல மலைக்காடுகளில் அழகிய செடியைக் கண்டால் பறித்துவரக் கை நீளும். அக்காட்டின் ஒரு பகுதி 1989-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாகவும், மலைத்தொடர் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. தேசியப் பூங்காவில் செடியைப் பெயர்ப்பது சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். திருமலையில் பூத்த பூவெல்லாம் பெருமாளுக்கே என்று தலையில் மலர் சூடாது வருபவர் நம் பெண்மணிகள். இராமாநுசர் ஏவ, பூத்தொண்டு செய்வதற்கென்றே வந்து தோட்டம் அமைத்த அனந்தாழ்வானின் மலை அது. அங்கே ஒரு பூவையும் சூடாத நாம், வேரோடு ஒரு செடியைப் பெயர்ப்பது தகுமா?

ஆர்க்கிட் வேண்டுவோர் பதியனிட்டோ, ஆய்வுக்கூடத்தில் பெருக்கியோ விற்கும் நாற்றுப்பண்ணையில் வாங்குக. கண்டு களிக்க விரும்புவோர் காட்பாடி வழியாகச் சேலம் சென்று, ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை நடத்தும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தைக் காண்க. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஏற்ற இடம்.

இறுதியாக ஒன்று. மாம்பழம் இறங்கியபின் கிளை கழிக்கும் காலம் வரும். அன்று ஒவ்வொரு மரத்தடியிலும் நம்மில் ஒருவர் நிற்போமாக. வெட்டுவோரிடம், ‘இது புல்லுருவி, இதனை எடுங்கள், இது பூச்செடி, இதனை விட்டுவிடுங்கள்’ என்று அவர் அறிந்த தெலுங்கில் அன்போடு சொல்வோமாக. கிளையே போவதாயின், செடியை மட்டும் வாங்கி அடுத்த மரத்தில் கட்டுவோமாக. பணி மாறுதல் வந்து நாம் இக்குடியிருப்பை விட்டுப் போவோம். நம்முக்குப் பின் இவ்வீட்டுக்கு வருபவர், எம்மொழியினராயினும், ஒரு காலைப் பொழுதில் அம்மணத்தை நுகர்ந்து அண்ணாந்து பார்ப்பார். நாம் இங்கு வாழ்ந்ததற்கு அது போதிய பயன்.