இறம்பொடைக் கணவாயும் பியர்ச் சுவைஞரும்



கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருந்தெருவிலே புசல்லாவையைக் கடந்து சென்றால் இறம்பொடை வரும். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவியைக் காண அங்கு வண்டியை நிறுத்தாதவர் சிலரே. அவ்விடத்திலிருந்து நுவரெலியாவை அடைய இன்னும் ஏறத்தாழ 3,000 அடி ஏறவேண்டும். 1885ஆம் ஆண்டில் புகையிரதம் நானுஓயாவை எட்டும் வரையில், கண்டிப் பக்கத்திலிருந்து மேலே சென்ற பண்டங்களுக்கெல்லாம் இக்கணவாயே வாயிலாக இருந்தது. அப்பண்டங்களுள் ஒன்றைப் பற்றியும், அதனைத் தேடிவந்த சுவைஞரைப் பற்றியுமே இன்று பேசப்படுகிறது. அப்பண்டம் பியர்.

சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1848இல், நுவரெலியாவில் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றைப் போலொரு பண்ணையை நிறுவ முனைந்தார். குடியேறுவோரும் கால்நடைகளும் கருவிகளும் கப்பலில் வந்து சேர்ந்தன. பின்னாளில் நைல் நதியின் ஊற்றுகளைத் தேடிச் சென்று பெரும்புகழ் பெற்றவர் இவரே. இலங்கையில் தாம் வாழ்ந்த எட்டாண்டுக் கதையை 1855இல் நூலாக வெளியிட்டார். இறம்பொடைக் கணவாயில் நிகழ்ந்த விபத்தொன்று அந்நூலிலே நகைச்சுவையோடு சொல்லப்பட்டிருக்கிறது. பேக்கரின் குதிரைக்காரனான ஹென்றி பேர்க்ஸ், குடிமயக்கத்தில், வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் உருளவிட்டான். தான் மட்டும் தப்பியதை ஒரு பேறாகக் கருதி எசமானுக்குக் கடிதமும் எழுதினான். வண்டியை மீட்க ஒரு யானை கொடுக்கப்பட்டது. பேர்க்ஸ் அதன்மீதேறி, செங்குத்தான ஏற்றத்தில் குதிரையை விரட்டுவதுபோல் விரட்டினான், யானையும் மாண்டது. படிப்போர் நகைப்பர், யானையை எண்ணினால் நகைப்பு நின்றுவிடும்.

இதே பேக்கர் 1849இல் நுவரெலியாவில் தொடங்கிய சிறு பியர்ச்சாலையையே, இன்று ‘லயன்’ என்னும் பெயரில் பியர் தயாரிக்கும் நிறுவனம் தன் தோற்றுவாயாகக் கூறிக்கொள்கிறது. குளிரூட்டும் பொறிகள் பரவாத காலத்தில் வெப்பநாட்டில் பியர் காய்ச்சுவது அரிய காரியம். மதுவம் எனப்படும் நுண்ணுயிர் சர்க்கரையை மதுசாரமாக மாற்றும்பொழுது வெப்பம் மிகுந்தால் சுவை கெடும். வேண்டாத கிருமிகளும் பெருகும். ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர் இக்குறையைத் தானே தீர்த்து வைத்தது. நீர், பீதுறுமலைச் சாரலில் லவர்ஸ் லீப் அருவிப் பக்கத்திலிருந்து கிடைத்தது.

குளிரையும் நீரையும் மலை கொடுத்தது. மற்றவற்றை அது கொடுக்கவில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியும், கசப்பும் மணமும் ஊட்டும் ஹொப்ஸ் என்னும் கொடியின் பூவும் இங்கு விளைவன அல்ல. அவை கடல் கடந்து வந்து, மலைப்பாதையில் ஏறவேண்டியிருந்தன. பார்லியை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான சாற்றை வடித்து, ஹொப்ஸ் இட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவம் சேர்ப்பது முறை. கறுப்புப் பியருக்கென்றால் தானியத்தில் ஒரு பகுதியைக் கருக வறுப்பர். காப்பியையும் சொக்கலேற்றையும் நினைவூட்டும் மணம் அதனாலேயே உண்டாகிறது.

இனிச் சுவைஞர் கதை. பிரித்தானியாவில், மரப்பீப்பாயில் முதிர்ந்து கைப்பம்பினால் இறைக்கப்பட்ட பழைய பியர் அருகி, கிருமி நீக்கிக் காபனீரொட்சைட்டு வாயு ஏற்றிய ஆலைப் பியர் அதன் இடத்தைப் பிடித்தது. இதனை மறுத்து 1971இல் நான்கு இளைஞர் ஓர் இயக்கம் தொடங்கினர். ‘காம்ரா’ என்னும் அவ்வியக்கம் நாடெங்கும் கிளைவிட்டது. அதன் உறுப்பினர் கூட்டமாகச் சென்று சிறு பியர்ச்சாலைகளைப் பார்வையிடுவர். தானியத்தை வாயிலிட்டு மெல்லுவர். ஹொப்ஸ் பூவை உள்ளங்கையில் தேய்த்து முகருவர். நீர் எங்கிருந்து வருகிறது, மதுவம் யாருடையது எனக் கேட்டுத் துளைப்பர். குடிப்பது அதற்குப் பின்னரே, அதுவும் சிறு கிண்ணத்தில்.

மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர் இவ்வகைச் சுவைஞருக்கு ஆசான் போன்றவர். பாடகர் ஜாக்சன் வேறு; இவர் பியரைப் பற்றி எழுதி 2007இல் மறைந்தவர். இலங்கையின் கறுப்புப் பியரை இவர் உலகறியப் புகழ்ந்தார். மலைப்பாதையில் மூலப்பொருள்கள் ஏறிச் சென்ற வியப்பையும், கண்டியிலே ஒரு கடையில் அப்பியர் கைப்பம்பினால் இறைத்துக் கொடுக்கப்பட்டதையும் எழுதினார். இங்கிலாந்து இழந்துகொண்டிருந்த வழக்கத்தை இலங்கையின் கடையொன்று கைவிடாதிருந்தது சுவைஞருக்குப் பெருவியப்பு அன்றோ?

அத்தொழிற்சாலை இன்று மலையில் இல்லை. 1990களின் பிற்பகுதியில் பியர் காய்ச்சுதல் கொழும்புக்கு அணித்தான பியகமைக்கு மாற்றப்பட்டது. குளிரை இப்பொழுது பொறி கொடுக்கிறது. 2016 மே மாத வெள்ளம் அந்தப் புதிய தொழிற்சாலையில் புகுந்து உற்பத்தியை நிறுத்தியது. மலையுச்சியிலிருந்த பழைய சாலைக்கு அவ்வாறான அச்சம் இருந்திருக்க இயலாது.

சுவைஞர் போற்றிய கறுப்புப் பியரில் மதுசாரம் 8.8 வீதம் வரை உண்டு. சாதாரணப் பியரில் அதன் பாதியைச் சற்றே கடந்த அளவுதான். சுவைஞர் இவ்வளவைக் கேட்டு, கிண்ணத்தைச் சிறிதாக்கிக்கொள்வர். தோட்டத்துத் தவறணையிலும் இதே எண் கவனிக்கப்படுகிறது. ஆனால் காரணம் நேர்மாறானது. பகலெல்லாம் மழையில் நின்று உடல் நொந்தவனுக்கு, கொடுக்கும் காசுக்கு எது விரைவில் மயக்கும் என்பதே கணக்கு. மணமும் நீரும் தானியமும் அவனுக்குச் சொல்லப்பட்டதில்லை. அவன் கேட்டதுமில்லை. சம்பள நாளில் லயத்து வாசலில் காத்திருக்கும் மனைவிக்கு மீதிக்காசின் கணக்கே போதும். தவறணைக் காசும் இல்லாதவன் கசிப்பை நாடுகிறான். அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவன் கேட்டாலும், விற்பவனிடம் விடை இராது.

இன்றும் வெளிநாட்டார் வண்டிகள் இறம்பொடையைக் கடந்து, மேலே லபுக்கலைத் தேயிலைத் தொழிற்சாலையில் நிற்கின்றன. கொழுந்து வாடுவதையும் உருட்டப்படுவதையும் உலர்வதையும் வந்தோர் கேட்டறிந்து, கோப்பையை மூக்கருகே பிடித்துப் பருகுகின்றனர். தெருவோரச் சரிவிலே, கூடை சுமந்த பெண்கள் அவ்வண்டிகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொழுந்தில் கைவைக்கின்றனர்.